மாதா திருநாளுக்கு வத்தகப்பழ ஜெலோ

மனைவி யூலியானா கண்ணை மூடி ஐந்து மாதம். அன்று தொடக்கம் அலோசியசுக்கு வீட்டில் கதைக்க ஆளில்லை. சுவிஸ் தமிழர் கூடிக் கொண்டாடும் மடு மாதா திருநாளுக்குப் பேர்ண் தேவாலயத்துக்குப் போனால் சனத்தோடு சனமாக இருந்து ஒருநேரம் சாப்பிடலாம் என்று, ஓகஸ்ட் பிறந்ததிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு போக மனுசனுக்கு மனம் வரவில்லை. இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் இருபது வருடமாக இனிப்பு வகைகள் அவர் பொறுப்பு. சிசிலிக்காரச் செஃப் பழக்கிவிட்ட ஜெலோவைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். வத்தகப்பழத்தைப் பிழிந்து, சாற்றில் சோளமாவும் சீனியும் கறுவாவும் போட்டுக் காய்ச்சிக் குளிரவிட்டால் சிவப்பாக உறையும். மேலே விதை மாதிரிச் சொக்லேட் துண்டுகள். சிசிலியிலும் இதே ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி மாதா திருநாளுக்குத்தான் இதைச் செய்வார்களாம். பிறகென்ன யோசனை?

செத்தவீட்டில் வருடம் திரும்பும்வரை பலகாரம் செய்யக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் இது ஹோட்டல் அடுப்பு, வீட்டு அடுப்பில் சட்டியே ஏறவில்லை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். செஃபிடம் கேட்டு அங்கேயே செய்து, கிண்ணங்களைக் குளிர்பெட்டியில் அடுக்கி ரயிலேறினார்.

பூசை முடிந்ததும் மண்டபத்து மேசையில் அவற்றைப் பரப்பி வைத்தார். சோறு முடிந்தது, ரோல்ஸ் முடிந்தது, இனிப்பான வட்டிலப்பமும் முடிந்தது. ஜெலோவை ஒருவரும் தொடவில்லை. சிலருக்குச் சீனி வருத்தமாம், சிலருக்கு வயிறு நிறைந்துவிட்டதாம். அலோசியசுக்கு அழுகை வரும்போல இருந்தது.

கடைசியில் பாட்டுக்குழு நடத்தும் அனோஜா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. அக்கா போய் வருசம் திரும்பேல்லை. நீங்கள் இனிப்புக் கொண்டு வரப்படாதெல்லோ. நாள் பெருநாளெண்டால் நாங்கள்தானே உங்கட வீட்டுக்குக் கொண்டு வரவேணும்."

"ஓம். அதுதான் முறை," என்றார் அலோசியஸ். "உயிர்த்த ஞாயிறண்டு காலமை தொடங்கிப் பாத்துக்கொண்டிருந்தனான். மூண்டு தரம் கதவைத் திறந்தும் பாத்தனான். ஒருத்தரும் வரேல்லைப் பிள்ளை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அனோஜா அவசரமாக ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"விடுங்கோ பிள்ளை, முறையெண்டால் முறைதான்," என்று அவர் அதை வாங்கி மூடியைப் போட்டார்.

அவள் போகாமல் நின்றாள். "வாற ஞாயிறு வீட்டிலை நிப்பியளோ அண்ணை?"

"நான் வேறை எங்கை போறது?" என்றார் அலோசியஸ்.