தையற்காரர் வீட்டுச் சுவர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தையற்காரர் வீட்டுக் கூடம் நான்கு அங்குலம் சுருங்கியிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் வீடு பழையபடியே இருந்தது. உள்ளே மட்டும் தையல் இயந்திரத்துக்கும் அலமாரிக்கும் நடுவே ஆள் நுழைய முடியவில்லை. தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மூன்று முறை அளந்தார். டேப்பைக் குறை சொல்ல வழியில்லை. அதே டேப்பால் அளவெடுத்த கால்சட்டை முந்தின நாள்தான் ஒரு பருத்த வழக்கறிஞருக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

இரண்டு மாதம் முன்பு அவருடைய ஏழு வயது மகள், சூடு ஆறட்டும் என்று அவர் நிமிர்த்தி வைத்திருந்த இஸ்திரிப்பெட்டியில் உள்ளங்கையைப் பதித்துவிட்டாள். புண் ஆறியது. ஆனால் ஆறுகிற புண் தோலைச் சுருக்கி விரல்களை உள்ளே இழுக்கும், விட்டால் கை முட்டியாகவே நின்றுவிடும் என்று சொல்லி, மருத்துவர் விரல்களை விரித்து ஒரு பலகையோடு கட்டிவிட்டார். கழுவுவதற்குத் தவிர அவிழ்க்கக் கூடாது என்பது கண்டிப்பு. இதைத் தையற்காரரின் மனைவிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வகத்தில் புண்ணை இழுத்து மூடும் இணைப்புத் திசுச் செல்களை, கிண்ணத்தில் ஊற்றிய ஜெல்லி போன்ற கூழில் விதைத்து வளர்ப்பதுதான் அவள் வேலை. விதைத்ததும் கடுகுபோல உருண்டு கிடக்கும் செல்கள், சில மணி நேரத்தில் கைகளை நீட்டி, கூழுக்குள் ஓடும் நார்களைப் பற்றி இழுத்து, அந்தப் பிடியிலேயே ஊர்ந்து போகும். கூழின் ஓரம் கிண்ணத்தோடு ஒட்டியிருக்கும்வரை செல்கள் மெலிந்து நீண்டு நிற்கும், கூழும் அகலம் குறையாமல் நிற்கும். ஓரத்தை ஊசியால் சுற்றி விடுவித்தால் போதும், உள்ளங்கை அகலக் கூழ் ஓரிரு நாளில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிடும். பன்னிரண்டு வருடம் இதைப் பார்த்தவள்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் "வலிக்குதும்மா, கொஞ்ச நேரம் அவுத்து விடும்மா" என்று அழுதபோது மனசு கேட்காமல் அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் இரண்டு நாளானது. கணவருக்குத் தெரியாமல் இருக்க மேலே துணியைச் சுற்றி வைத்தாள்.

டேப்பும் கையுமாக நின்ற கணவரைப் பார்த்ததும் அவள் மகளைக் கூப்பிட்டாள். துணியைப் பிரித்தாள். விரல்கள் மடங்கிக் கிடந்தன.

"நான்தாங்க அவுத்து விட்டேன். அழுதா, பாக்க முடியல."

"அவ கைக்கும் சுவத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஓரத்துல பிடிப்பு இல்லேன்னா அந்தச் செல்லுங்க எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கும்."

கூடம் நாளுக்கு நாலு அங்குலம் குறைந்தது, பலகையில் மறுபடி கட்டப் பார்த்தும் நிற்காமல் மகளின் விரல்களும் அதே கணக்கில் மடங்கின. ஒரு பொறியாளர் வந்து பார்த்து, ஈரம் என்று எழுதிவிட்டு, நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு போனார். பயத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு தையற்காரரின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அங்கே ஜன்னல் கம்பிகள் ஒன்றோடொன்று உரசின. அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வந்தார்கள்.

பதினான்காம் நாள் தையற்காரர், "இஸ்திரிப்பெட்டியை அங்க வெச்சவன் நான்தானே" என்று சொல்லி, கூடத்தின் நடுவில் நின்று இரண்டு சுவரிலும் கை ஊன்றினார். சுவர்கள் நின்றன. மனைவி அன்றே மகளின் விரல்களை மறுபடி பலகையோடு கட்டி, தினமும் ஒரு நூல் அளவு விரித்தாள். விரல்கள் விரிய விரியச் சுவர்கள் பின்வாங்கின, கையை எடுக்காத தையற்காரர் நீண்டார். மூன்றாம் மாதம் அவர் விரல்கள் தையல் ஊசிபோல மெலிந்திருந்தன. நின்றபடியே தூங்கினார், நின்றபடியே காலால் இயந்திரத்தை மிதித்தார், துணியை மனைவி நகர்த்தினாள். ஒரு தும்மலுக்கு மூன்று அங்குலம் போனதால் அந்த வீட்டில் மிளகுத்தூள் வாங்குவதை நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்களுக்கும் பழகிவிட்டது. அவர் கைக்கு அடியில் குனிந்து வந்து, குனிந்து போனார்கள்.

வருடம் முடிவதற்குள் மகளின் கை முழுதாக விரிந்தது. மருத்துவருக்கு மெத்த மகிழ்ச்சி. தையற்காரர் கையை எடுத்துப் பார்த்தார். சுவர் நகர்ந்தது. மறுபடி வைத்துக்கொண்டார்.

மகளுக்குப் பதினான்கு வயதான வருடம், ஒரு மாலை அவருக்குக் காய்ச்சல் கண்டு முழங்கால் தளர்ந்தது. மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க உக்காருங்கப்பா. நான் புடிச்சுக்கறேன்."

பத்தடிக் கூடத்தில் அவள் இரண்டு கையும் எட்டின. தழும்பேறிய உள்ளங்கை சுவரில் தட்டையாகப் பதிந்திருந்தது, ஐந்து விரலும் விரிந்திருந்தன. எந்தக் கை விரிய வேண்டும் என்று ஏங்கினாளோ அந்தக் கையைப் பார்த்து அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். தையற்காரர் ஏழு வருடத்தில் முதல் முறையாக உட்கார்ந்தார். டேப்பை எடுத்து மகளின் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தார், இன்னொரு முறை அளந்தார். பிறகு அவளுடைய பள்ளிச் சட்டையை மடியில் போட்டு, சட்டைக் கையின் ஓரத்தில் உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியை முழுவதும் பிரித்து இறக்கினார். அது போதாமல், துண்டுத் துணி தேடி அலமாரியைத் திறந்தார்.