பூரிங்கின் முதல் போணி

என் கை பொல்லாத கை. யார் ஆசி வாங்கக் குனிந்து அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாலும், மறு நிமிஷம் அது நகைப்பெட்டியைத் திறந்துவிடும். கடை வைக்க இதைவிட லாயக்கில்லாத கை எங்கள் பராகாலே ஊரிலேயே கிடையாது.

இருபத்தேழு வருஷம் நகராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். பெயரை எழுதி முத்திரை குத்தும்போதே, "நீங்களே நினாங்கா நின்னுடுங்களேன்" என்பார்கள். ஞானத்தாயாக நிற்கச் சொல்லிக் கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. இப்படியே எனக்கு நாற்பத்து மூன்று ஞானப்பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். வயிற்றில் பெற்றது ஒன்றுகூட இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையலறை ஜன்னலோரம் என் பலகை காத்திருக்கும். வெள்ளிக் கம்பியைத் துளைத்தட்டில் இழுத்து இழுத்து முடி மாதிரி சன்னமாக்கி, இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, இதழாக வளைத்து, வெங்காரம் தொட்டு, ஊதிப் பற்றவைப்பேன். கடைசியில் தங்க முலாம். பத்து வயதில் பிடித்த பைத்தியம் இது. ஊதும் நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என் கணவர் அன்செல்மோவுக்கு அது நன்றாகவே தெரியும். பாவம், பல நாள் பசியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

செய்ததெல்லாம் ஞானஸ்நானத்துக்கும், கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கும், பிறந்தநாளுக்குமாகப் போனது. ஒன்றைக்கூட விற்றதில்லை. ஓய்வு பெற்றதும்தான் ஆசை வந்தது. என் வேலையைப் பார்த்து ஒரு ஆள், இது வேண்டும் என்று விலை கேட்டு வாங்க வேண்டும். சும்மா வருவதை எல்லாரும் அழகு என்றுதான் சொல்வார்கள். அதை எப்படி நம்புவது?

முன்னறையில் கண்ணாடிப் பெட்டி வைத்தேன். அந்த அறையின் மேல் அன்செல்மோவின் தங்கை மகன் ரோடெலுக்கு ஒரு கண். செல்போன் ரிப்பேர் கடை போட வாடகைக்குக் கேட்டிருந்தான்.

"கண்டலேரியா மாதா திருவிழா வரைக்கும் உனக்கு டைம்" என்றார் அன்செல்மோ. "அதுக்குள்ள ஒரே ஒரு போணி ஆகட்டும், அறை உனக்கு. இல்லேன்னா ரோடெலுக்கு. சம்மதமா?"

"ஒரு மாசம் இருக்கே! அது போதாதா?" என்று வீறாப்பாகச் சொன்னேன்.

முதல் நாள் காலையில் முதலில் வந்தவன் என் ஞானப்பிள்ளைகளில் ஒருவன். கைக்குழந்தையோடு வந்து என் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். போணிக்கு வந்த ஆளை வெறும் கையோடு அனுப்பக் கூடாது, அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். நெற்றியில் கை வைத்தவனிடம் காசு கேட்கவும் வாய் வரவில்லை. குழந்தைக்கு ஒரு ஜோடித் தோட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். மறுநாள் இன்னொருத்தி. அதற்கு மறுநாள் இரண்டு பேர். இரண்டு வாரத்தில் பெட்டி பாதி காலி. போணி மட்டும் ஆகவில்லை.

"நல்ல வியாபாரம்" என்றார் அன்செல்மோ. "இப்படியே போனா ரோடெல் பெட்டியையும் சேத்து எடுத்துக்கலாம்."

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் நான் இருந்த சமயம் பார்த்து லித்தாவும் அவள் மகள் ஜோவெலினும் வந்தார்கள். லித்தா மீன் கருவாடு போடுகிறவள், புருஷன் இல்லை. ஜோவெலினுக்குப் பெயர் எழுதியதும் நான்தான், நினாங்கும் நான்தான். இப்போது டாயட் ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பாதாம் மாதிரி இருக்கும் பீலிக் கொட்டையில் செய்த மிட்டாய் ஒரு டப்பா கொண்டுவந்து மேசையில் வைத்தாள். என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கல்யாணம், நினாங். பெப்ரவரியில. அதுக்கும் நீங்கதான் நினாங்கா நிக்கணும்" என்றாள்.

அவள் கண் கண்ணாடிப் பெட்டியில் இருந்த மிளகாய்ப்பூத் தோட்டின் மேல் போனதைப் பார்த்தேன். பெட்டியிலேயே நல்ல வேலை அதுதான். அஞ்சு இதழ், நடுவில் கடுகு கடுகாக மணி. நாலு மாதம் எடுத்தது. இதுவும் போச்சு என்று தோன்றியதும் எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது.

"முடியாது" என்றேன். "நான் இப்ப கடைக்காரி. தோடு வேணும்னா விலை சொல்றேன். நினாங் வேணும்னா வேற ஆளப் பாருங்க."

ஜோவெலின் முகம் சிவந்தது. லித்தா காதைத் தடவிக்கொண்டு, "வா, போலாம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்செல்மோ உள்ளேயிருந்து ஓடி வந்தார். "கேட்டு வந்த பொண்ண மறுத்துட்டியே, பூரிங்! அதுவும் கல்யாணத்துக்கு! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"ஆமா, நாப்பத்து மூணு தடவ கெட்டுப் போச்சு. இப்பத்தான் தெளிஞ்சிருக்கு" என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயம். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஊரிலும் சேதி பரவிவிட்டது. அதற்குப் பிறகு என் கையை எடுத்து நெற்றியில் வைக்க யாரும் வரவில்லை. வாங்கவும் யாரும் வரவில்லை. மிட்டாய் டப்பாவைத் திறக்க மனசு வராமல் அப்படியே வைத்திருந்தேன். தினமும் பெட்டியைத் துடைப்பேன், உட்காருவேன், மூடுவேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை ரோடெல் அளவு நாடாவோடு வந்துவிட்டான். சுவரை அளந்தான். "அத்தே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றான். தள்ளி உட்கார்ந்தேன். அழுகை வரும் போல இருந்தது, அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது ஜோவெலின் படி ஏறி வந்தாள். என் கை தானாக நீண்டது. அவள் அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"கடை திறந்துடுச்சாங்க?" என்றாள், முன்பின் தெரியாதவளிடம் கேட்பது போல.

சுருக்கென்றது. நான்தானே அப்படி வைத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டு, "திறந்துதான் இருக்கு" என்றேன்.

"அந்த மிளகாய்ப்பூத் தோடு என்ன விலைங்க?"

பாருங்கள் என் கையை! அதற்குள் பெட்டியைத் திறந்து தோட்டை எடுத்துவிட்டது. "நீ எடுத்துட்டுப் போம்மா. அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன்."

"எடுத்துட்டுப் போகச் சொல்லிக் கேக்கல. விலை கேட்டேன்."

"ஜோவெலின்..."

"எங்கம்மா காதுல என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சித் துண்டு. பிறப்புப் பதிவுக்கு வந்த அன்றைக்கும் அதுதான் இருந்தது. பிள்ளைக்குத் தோடு போட்டு, பெற்றவள் காதில் குச்சியோடு எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறேன். பிள்ளைக்குத்தானே வழக்கம். அதற்கு மேல் என் புத்தி போனதில்லை.

"அய்யோ, அப்ப அவளுக்கு நான் சும்மாவே..."

"நீங்க குடுத்தா அது நீங்க குடுத்ததாயிடும்" என்றாள். "நான் பொறந்ததுலேர்ந்து அவங்க எனக்குச் செஞ்சிருக்காங்க. நான் சம்பாதிச்சு அவங்களுக்கு ஒண்ணு போட்டுப் பாக்கணும். அன்னைக்கும் விலை கேக்கத்தான் வந்தேன். அவங்க முன்னால கேக்க முடியல. ஊருக்கெல்லாம் நீங்களே குடுத்துட்டா, நாங்கல்லாம் எப்பத்தான் குடுக்கறது?"

ரோடெல் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. விலையைச் சொன்னேன்.

அவள் உடனே முகத்தைச் சுளித்தாள். "என்னங்க இது, யானை விலையா இருக்கு! போணி ஆளுக்குக் குறைக்க மாட்டீங்களா?"

"நாலு மாச வேலைடி! அந்த மணிய எண்ணிப் பாரு!"

"எண்ணினேன். இடது தோட்டுல ஒண்ணு சின்னதா இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட கோபம்! என் வேலையை இப்படிக் கிட்ட வைத்துப் பார்த்துக் குறை சொன்ன ஆள் அதுவரை ஒருவரும் இல்லை. கால் மணி நேரம் இருவரும் பேரம் பேசினோம். அவள் கொஞ்சம் ஏறினாள், நான் கொஞ்சம் இறங்கினேன். பிறகு பர்ஸைத் திறந்து, நோட்டுகளை என் உள்ளங்கையில் வைத்தாள்.

முதல் போணிக் காசு பட்டால் மிச்சமும் விற்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த நோட்டுகளால் பெட்டியில் மிச்சமிருந்த ஒவ்வொரு நகையையும் தட்டினேன். குறடைத் தட்டினேன், ஊதுகுழலைத் தட்டினேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அன்செல்மோவின் வழுக்கைத் தலையையும் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ரோடெல், வேற இடம் பாருடா" என்றார் அவர்.

ஜோவெலின் அப்போதுதான் குனிந்தாள். நோட்டோடு சேர்த்தே என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு நினாங்கா நிப்பீங்கல்ல?"

"நிக்காம? பரிசு என்னடி வேணும்?"

"ரைஸ் குக்கர்."

மறுநாள் காலை மாதா பவனி. மெழுகுவத்தியோடு கூட்டத்தில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு வரிசை முன்னால் லித்தா. வெயிலில் மிளகாய்ப்பூ ஆடியது. இடது தோட்டில் ஒரு மணி சின்னதுதான், அவள் சொன்னது சரிதான்.

பக்கத்தில் போனவள் கேட்டாள்: "ரொம்ப நல்லாருக்கே லித்தா. பூரிங் குடுத்தாளா?"

"இல்ல" என்றாள் லித்தா, சத்தமாக, பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று. "எம் பொண்ணு காசு குடுத்து வாங்கிப் போட்டா."

என் மெழுகுவத்தி எப்போதோ அணைந்திருந்தது. பக்கத்தில் வந்த அன்செல்மோ சொல்லும்வரை எனக்கு அது தெரியவில்லை.