சம்பூர்ணத்தின் ஆட்டோவில் எழுதியிருப்பது

சம்பூர்ணத்தின் ஆட்டோவுக்குப் பின்னால் ‘இயேசு பொறுமையுள்ளவர்’ என்று எழுதியிருக்கும். மஞ்சள் வண்டியில் சிவப்பு எழுத்து, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. அவளே சொல்லி எழுத வைத்தாள் என்பதை செவிலிமேடு ஸ்டாண்டில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. பெயிண்டர் பழி வாங்கிவிட்டான் என்றுதான் பேச்சு. ஏனென்றால் சம்பூர்ணத்தின் வாய் ஊரறிந்த வாய். லைசென்ஸ் வாங்கப் போனபோது மூன்று முறை அவளைத் திருப்பி அனுப்பினார்கள். வண்டியோட்டத் தெரியாமல் இல்லை. தேர்வு வைத்த அதிகாரிக்குத்தான் ஓட்டத் தெரியாது என்று மூன்று முறையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள்.

எழுத்தைப் பற்றிக் கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "என்னை இத்தினி வருசமா பொறுத்துக்கினு இருக்கிறவரு அவரு ஒருத்தரு. அதைத்தான் எழுதி வச்சிருக்கேன். சம்பூர்ணம் பொறுமைசாலின்னா எழுதியிருக்குது?" வீட்டுக்காரர் சிட்டிபாபுவும்தானே பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவருக்கு இடது காது கேட்காது, அதனால் அது சேர்த்தியில்லை என்பாள்.

அவளுடைய நிரந்தரச் சவாரி தணிகாசலம் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பழுத்த நாத்திகர். தினமும் காலை ஏழு மணிக்குப் படிப்பகத்துக்குப் போய்ப் பேப்பர் படிக்காவிட்டால் அவருக்கு நாள் ஓடாது. மற்ற ஆட்டோக்காரர்கள் அவரை ஏற்றமாட்டார்கள், இறங்கும்போது தலை வலிக்கிறதாம். அவரும் மற்ற ஆட்டோக்களில் ஏறமாட்டார். அங்கே எல்லாரும் "ஆமா சார், ஆமா சார்" என்று தலையாட்டிவிடுகிறார்கள், அதில் அவருக்கு ருசியில்லை.

"கடவுள் இருக்காருன்னா எனக்குக் காட்டேன், பாப்போம்" என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு பென்ஷன் அனுப்புற ஆபீசரை நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

"இல்ல."

"மாசாமாசம் வந்துக்கினு இருக்குதில்ல?"

இதற்குப் பதில் யோசிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் ஏறும்போதே, "அந்த ஆபீசுக்குக் கதவு இருக்கு, கதவுல போர்டு இருக்கு" என்றார். "ஞாயித்துக்கிழமை வாங்க, எங்க சர்ச்சுலயும் போர்டு இருக்குது" என்றாள் இவள். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் கிடையாது. "அதெல்லாம் இருக்கட்டும் சம்பூர்ணம். உங்க இயேசு ஒரு ஆளை மாத்துவார்னா, உன் வாயை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கார்?"

செவ்வாய்க்கிழமை அந்த வாய் வேலையைக் காட்டிவிட்டது.

அன்று அவள் வண்டியில் ஏனாத்தூருக்குப் பரீட்சை எழுதப் போகிற ஒரு பெண் இருந்தாள். நேரமாகிவிட்டதே என்று பிள்ளையார்பாளையத்துக்குள் குறுக்கே புகுந்தால், தெருவில் பாவு நீட்டியிருந்தது. புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. விடிந்ததும் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிவார்கள். அது முடிகிற வரைக்கும் தெரு பாவுக்குத்தான் சொந்தம். ஊரில் பிறந்த எவரும் அதற்கு ஹாரன் அடிப்பதில்லை. சம்பூர்ணம் அடித்தாள். பாவுக்காரர் பஞ்சாட்சரம், "கொஞ்சம் இரும்மா, ஓரத்துல இழை விட்டிருக்குது" என்று தலை நிமிராமல் சொன்னார். தலை நிமிராததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"தெருவ உங்க தாத்தா பேர்ல பத்திரம் எழுதிக்கினியா? எந்த மவராசிக்கு நெய்யுறியோ, கட்டிக்கினு உக்காந்தா அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கப் போவுது பாரு!"

அது ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை. பஞ்சாட்சரத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. சம்பூர்ணம் வண்டியைப் பின்னால் எடுத்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். எதிர்வீட்டு மாடியில் ஒருவன் ஒரு கையால் பல் துலக்கிக்கொண்டே மறு கையால் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்திருந்தான். வண்டி திரும்பும்போது பின்னால் இருந்த எழுத்து பளிச்சென்று விழுந்திருந்தது. அதன் கீழே, ‘அவரு சரி, அக்கா எப்போ?’ என்று ஒரு வரி சேர்த்து வெளியே விட்டான். மதியத்துக்குள் வாலாஜாபாத்திலிருந்து அவள் தங்கச்சி போன் செய்து, "அக்கா, மூஞ்சி நல்லா விழுந்திருக்குது" என்றாள்.

மறுநாள் தணிகாசலம் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றும் பேசாமல் ஏறி, பேசாமல் இறங்கினார். இறங்கும்போது, "எழுத்து இல்லாம இருந்தா அந்த வீடியோவை நாலு பேர்கூடப் பாத்திருக்கமாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை சபைச் செயலாளர் ஆனந்தராஜ் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "சம்பூர்ணம்மா, ஊர் சிரிக்குது. சிரிக்கறது உன்னைப் பாத்து இல்ல, ஆண்டவரைப் பாத்து. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வர்றப்போ அந்த எழுத்து வண்டியில இருக்கக்கூடாது" என்றார். எதிர்த்துப் பேச அவளுக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் தலையாட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியுமாக ஆட்டோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முதல் எழுத்தில் பிளேடை வைக்கக் கை வரவில்லை. சரி, கடைசியிலிருந்து வரலாம் என்று மறுபக்கம் நகர்ந்தாள். அங்கேயும் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. தன் பெயரைச் சுரண்டச் சொன்னால் சுரண்டியிருப்பாள், அவர் என்ன தப்பு செய்தார்?

சிட்டிபாபு டீ டம்ளரோடு வந்து நின்றார். "எழுத்தைச் சுரண்டிட்டா அந்தப் பாவுக்காரரு மனசு ஆறிடுமா?" என்று கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும் அதெல்லாம்?"

"ஒரு காதுதான் கேக்காது" என்று டம்ளரை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியாரைப் படிப்பகத்தில் இறக்கிவிட்டுத்தான் அவள் சர்ச்சுக்குப் போவாள். அன்று அவர் ஏறும்போதே குனிந்து பின்னால் பார்த்தார். எழுத்து இருந்தது. "நேத்தே எடுத்திருப்பேன்னு நினைச்சேன்" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குது சார். உங்களுக்கு அரை மணி நேரம் லேட்டாவும்" என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பிள்ளையார்பாளையத்துக்கு விட்டாள்.

பாவு நீட்டியிருந்தது. தெரு முனையில் வண்டியை நிறுத்தினாள். இந்த முனையில் பாவின் நுனியைக் கட்டிய மூங்கிலை இழுத்துப் பிடிக்க வேண்டிய மச்சான் அன்று வரவில்லை. பஞ்சாட்சரத்தின் மனைவி துளசி ஒண்டியாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் நடுவில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தார். ஆட்டோ சத்தம் கேட்டு, இந்த முறை நிமிர்ந்தார்.

"அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"வாம்மா, வா! மிச்சம் ஏதாவது வச்சிட்டுப் போனியா?"

"மன்னிப்பு கேக்க வந்தேன்."

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல அந்த மூங்கிலப் பிடி. அவளுக்குக் கை உளுந்துடப் போவுது."

சம்பூர்ணம் மூங்கிலைப் பிடித்தாள். துளசி கையை உதறிக்கொண்டு இழை முடியப் போனாள். கொஞ்சம் தளர்த்தினாலும் பாவு தொய்ந்துவிடும், கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலும் இழை அறுந்துவிடும். அசையக்கூடாது. பஞ்சாட்சரத்துக்கு இதைவிட நல்ல சமயம் எப்போது கிடைக்கும்? ஐந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்தார். வீடியோ வந்தது, வேலை கொடுத்த முதலாளி கூப்பிட்டுக் கேட்டது, பெண் வீட்டுக்காரர்கள் அந்தப் பாவே வேண்டாம் என்றது, இப்போது வேறு பாவு நீட்ட வேண்டியிருப்பது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவளை ஒருமுறை திட்டினார். பதில்கள் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்து வரிசையில் நின்றன. அவள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. பிறகு முதுகு. பிறகு காதுக்குப் பின்னால். உடம்பெல்லாம் அரித்தது. யாருக்கோ விட்ட சாபம் விலாசம் விசாரித்துக்கொண்டு தன்னிடமே வந்துவிட்டதே என்று நினைத்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து நின்ற தணிகாசலத்தைப் பார்த்து, "சார், மூக்கு" என்றாள். நாற்பது வருஷம் அறிவியல் பேசிய மனிதர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மடித்து வைத்திருந்த பேப்பரின் நுனியால் அவள் மூக்கைச் சொறிந்துவிட்டார்.

திட்டித் தீர்ந்ததும் பஞ்சாட்சரத்தின் குரல் இறங்கிவிட்டது. "கண்ணாலப் பொண்ணும்மா அது. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. வாயால கெடுத்தியே, வாயாலயே எடுத்துடு. உங்க சாமிகிட்டயே ஒரு வார்த்தை சொல்லு. எந்த சாமியானா என்ன, நல்ல வார்த்தையா இருந்தா போதும்."

சம்பூர்ணத்தின் இரண்டு கைகளும் மூங்கிலில் இருந்தன. கை கூப்ப முடியாது. கண்ணை மூடினால் இழுப்பு தவறிவிடும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, அந்தத் தெரு நீளத்துக்கும் மின்னிக்கொண்டிருந்த நூலைப் பார்த்து ஜெபம் பண்ணினாள். "ஆண்டவரே, அந்தப் பொண்ணு பேரு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவ நல்லா இருக்கணும். இந்தப் புடவையக் கட்டறவளும் நல்லா இருக்கணும். இந்த அண்ணன் கைக்கு வேலை குறையக்கூடாது. என் வாய்க்கு..."

பாம் பாம் என்று பின்னால் கார் ஹாரன். அவள் ஆட்டோவுக்குப் பின்னால் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றிருந்தது. ஹாரன் விடாமல் அடித்தது. கண்ணாடி இறங்கியது. "எவன்யா அது நடுத்தெருவுல வண்டிய வுட்டுட்டுப் போனவன்? மனுசன் அவசரமா போவ வேணாமா? அறிவிருக்குதா?"

சம்பூர்ணத்தின் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை அவள் மூடுவதற்குள், தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை நோக்கிப் பாய்ந்தார்.

"யோவ்! ஆரனை நிறுத்துய்யா! இங்க ஜெபம் நடந்துக்கினு இருக்குது, தெரியல?"

தெருவே திரும்பிப் பார்த்தது. படிப்பகத்தில் பார்த்திருந்தால் அவருடைய சகாக்கள் நாற்காலியோடு விழுந்திருப்பார்கள். அவர் அதோடு விடவில்லை. ஆட்டோவின் பின்பக்கத்தைச் சுட்டி, வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற குரலில், "எதிர்ல என்ன எழுதியிருக்கு? சத்தமா படி!" என்றார்.

ஹாரன் நின்றது. காருக்குள்ளிருந்து "இயேசு பொறுமையுள்ளவர்" என்று மெதுவாக ஒரு குரல் படித்தது. கத்தாமல் வந்த அந்தக் குரல் யாருடையதென்று தெரிந்ததும் சம்பூர்ணத்துக்கு மூங்கில் நழுவப் பார்த்தது. சர்ச்சைத் திறக்கப் போகிற அவசரத்தில், முன்னால் நிற்பது யார் வண்டி என்றுகூடப் பார்க்காத செயலாளர் ஆனந்தராஜ்தான் அது. அவர் இஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து அவளையும் மூங்கிலையும் பாவையும் பார்த்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரமாவும்மா?" என்று கேட்டார்.

"பத்து நிமிசம் ஐயா."

"நிதானமா முடி. நான் நிக்கறேன்" என்றார். எழுத்தைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பாவு சுருட்டியதும் துளசி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பஞ்சாட்சரம், "மச்சான் வராத அன்னிக்குச் சொல்லியனுப்புறேன், வா" என்றார். மன்னித்தேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அவர் கூப்பிட்டதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வண்டி கிளம்பியதும் சம்பூர்ணம் கண்ணாடியில் வாத்தியாரைப் பார்த்தாள். "ஜெபத்துக்குக் காவல் நின்னீங்களே சார், ரொம்ப தேங்க்ஸ்."

"நான் போக்குவரத்தைச் சரி பண்ணினேன். அவ்வளவுதான்" என்றார் அவர் விறைப்பாக. "கடவுள் இல்லை. அதுல ஒரு மாற்றமும் இல்லை."

"சரி சார். நாளைக்குப் பெயிண்டரை வரச்சொல்லியிருக்கேன். அதே எழுத்தை முன்னாடி கண்ணாடி மேல, எனக்குத் தெரியற மாதிரி எழுதப்போறேன். பின்னாடி இருக்கறது ஓட்டறவளுக்கு எங்க தெரியுது?"

"அப்போ பின்னாடி இருக்கறதை?"

"எடுத்துடலாமான்னு பாக்குறேன். என்னால அவருக்குக் கெட்ட பேரு எதுக்கு?"

தணிகாசலம் பேப்பரை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். "இருக்கட்டும்" என்றார். "அது இருந்தாத்தான் நீ தப்பு பண்ணும்போது நாங்க கேக்க முடியும்."

அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்த ஒருவன் இடதுபக்கம் நுழைந்து, உரசுகிற மாதிரி அவள் முன்னால் வெட்டிக்கொண்டு போனான். சம்பூர்ணம் பிரேக் அடித்தாள். வாய் திறந்தது. கண்ணாடியில் தணிகாசலம் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, மூச்சு விடாமல் காத்திருந்தார். அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்தால், தோற்கப் போவது அவள் இல்லை, அவர்தான் என்று தோன்றியது.

சம்பூர்ணம் வாயை மூடிக்கொண்டாள். வாத்தியார் பெருமூச்சு விட்டு, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.