கண்ணாடியாகிப்போன தாடைகள்

புது எண்ணெய் தேறிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவள் சோதனை அறைக்காரி. இப்போது அந்த எண்ணெய் பூசிய இரும்புத் தகடு, அதை அச்சில் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ்ஸில் மூலைக்கு மூலை கிழிந்துகொண்டிருந்தது.

"உங்க மெஷின் ஒண்ணு சொல்லுது, பிரஸ் ஒண்ணு சொல்லுது. சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா மெஷினை மூட்டை கட்டிடலாம்மா," என்றார் மேலாளர்.

அவளுக்கு அந்த உராய்வுச் சோதனை மெஷின் கைக்குழந்தை மாதிரி. எண்ணெய் பூசிய தகட்டுப் பட்டையை இரண்டு எஃகுத் தாடைகள் கவ்வும். பட்டையை இழுக்க வேண்டும். கவ்வும் விசையையும் இழுக்கும் விசையையும் வைத்து உராய்வைக் கணக்கிடலாம். முறைப்படி மறுபடி செய்தாள். பட்டை விலாங்குமீனாக நழுவி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பழைய எண்ணெயைப் போட்டாள். வழக்கமாக முனகிக்கொண்டு வருகிற பட்டை, அதுவும் நழுவியது. அப்படியானால் கோளாறு தாடையில்தான். கழற்றினாள், அவள் மூக்குத்தியே அதில் தெரிந்தது.

எஃகை இப்படிக் கண்ணாடியாக்கும் கை அந்த ஆலையில் ஒன்றுதான். அச்சுக்கு மெருகு போடுகிறவன், அவள் புருஷன்.

"இதைத் தொட்டது யாரு?"

"பாத்துட்டியா!" அவன் முகமெல்லாம் பல். "தாடையில ஒட்டுன தகட்டுத் துணுக்கைச் சுரண்டிச் சுரண்டிக் கை விட்டுப்போச்சுன்னு புலம்புனியே. நீ லீவு போட்ட அன்னைக்குத் தேய்ச்சு வச்சேன். எப்படி?"

"பிரியமா என் வேலைக்கு உலை வச்சிட்டீங்க. நீங்க கல்லு பிடிச்ச அச்சுலயே விரல் வச்சா கோடு கோடாத் தட்டுப்படுது, கண்ணாடியாவா இருக்கு? என் தாடையும் அப்படியே இருந்தாத்தானே பிரஸ்ல நடக்குறது எனக்குத் தெரியும்?"

"அப்ப தகடு கிழியுறது என்னாலயா?"

"பின்னே, எங்க மாமியாருக்கு இங்க வேற பிள்ளை இருக்கா?"

அவன் அச்சுக்குப் பிடிக்கிற அதே கல்லை எடுத்து, அதே திசையில் தாடைகளைத் தேய்த்தான். அவள் பக்கத்தில் நின்று, சொரசொரப்பை அளக்கும் கருவியை நகர்த்தி நகர்த்தி, "இன்னும்... இன்னும்... போதும்" என்றாள்.

பழைய எண்ணெய் தன் பழைய உராய்வு எண்ணுக்கே வந்தது. புது எண்ணெயில் பட்டை அலறிக்கொண்டு, கீறல் கீறலாக வந்தது.

"எண்ணெய் தேறலை சார். தாடைக்கு யாரோ மெருகு போட்டதால எனக்குத் தப்பாக் காட்டிருச்சு," என்றாள் மேலாளரிடம்.

"யாரோன்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் சார். இவளுக்குக் கை வலின்னு..."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எண்ணெயைத் திருப்பி அனுப்புங்க. மெஷின் இருக்கட்டும். இவரை மட்டும் அந்த ரூம் பக்கம் விடாதீங்கம்மா."

வெளியே வந்ததும் அவன் மெல்லக் கேட்டான்: "கை இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது. தேய்ச்சே ஆகணும்னா வீட்டுல தொட்டி நிறைய பாத்திரம் கெடக்கு."