ஏழாம் ஷரத்துச் சேவல்

எங்கள் மில்லில் சேவல் கூவினால்தான் காலை ஷிப்டு தொடங்கும். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து அது. எழுதியவன் நான். காலை ஷிப்டு தொடங்கினால்தான் இரவு ஷிப்டு முடியும். அதனால், மரநாய் வந்த நாளிலிருந்து இரவு ஷிப்டு முடியாமலே இருந்தது. உள்ளே முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி என் மகள் வாலண்டினா.

ஒப்பந்தத்துக்கு முன்னால் சங்கு ஊதித்தான் வேலை தொடங்கியது. சங்கு முதலாளியுடையது. மாதம் ஒரு நிமிடம் முன்னால் தள்ளி ஊதினார்கள். ஆறு மணிச் சங்கு நாலரைக்கு ஊதும் நிலை வந்தபோது கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தோம். நாற்பத்தொரு நாள். முப்பத்தெட்டாவது நாள் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். வாலண்டினாவுக்கு அப்போது மூன்று வயது. அடுத்த மூன்றாம் நாள் முதலாளி இறங்கி வந்தார்.

'ஒரு சேவல் கூவியதும்' என்றுதான் முதலில் எழுதியிருந்தோம். அடித்துவிட்டு 'இந்தச் சேவல் கூவியதும்' என்று திருத்தியவன் நான்தான். பொதுவாக எழுதினால், சீக்கிரம் கூவும் சேவலாகப் பார்த்து அவர்கள் ஒன்றை வாங்கி வந்துவிடுவார்கள். செவலை நிறம், கொண்டையின் இடப்பக்கம் ஒரு வெட்டு என்று அடையாளமும் எழுதினேன். எட்டாவது ஷரத்தில், ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரை மேற்படி சேவல் உயிரோடிருக்கும் என்றும் சேர்த்தேன். முதலாளியும் நானும் கையெழுத்திட்டோம். சேவல் கால் வைத்தது. அன்றிலிருந்து ஷரத்தை ஒரு நாளும் மீறாமல் அது உயிரோடிருந்தது. முதலாளி செத்து, மகன் செத்து, இப்போது பேரன். ஒப்பந்தத்தை மீறாதவர் அதில் சேவல் ஒருவர்தான் என்று நான் மேடையில் சொல்வதுண்டு. இப்போதெல்லாம் மேடை கிடைப்பதில்லை.

மரநாய் ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் சங்க அலுவலகத்தின் ஓட்டுமேல் வந்து உட்கார்ந்தது. சேவலைத் தொடவில்லை, பார்த்தது மட்டும்தான். நான் செருப்பை எடுத்து வீசியதும் மெதுவாக எழுந்து போனது. ஓர் இறகு உதிரவில்லை. ஆனால் சேவல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாள் காலை அலகைத் திறந்தது, மூடியது. கொண்டை வெளிறி வாடிய தக்காளித் தோல் போல் தொங்கியது.

பஞ்சாரக் கூடையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டுச் சேவலை உள்ளே வைத்தேன். பக்கத்து வரிசை வீட்டு நாச்சாத்தாள், சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொண்டுவருவாள். அவள் வீட்டுக்காரரும் இரவு ஷிப்டில்தான் இருந்தார். நான் அலகைப் பிரித்துப் பிடிப்பேன், அவள் உருண்டையை உள்ளே தள்ளுவாள். பிறகு ஊறவைத்த கம்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். தின்னாது. பழைய துண்டறிக்கைகளை எடுத்துப் படித்துக் காட்டுவேன்.

"ஏனுங் தோழரே, மருந்துல பாதிதான் உள்ள போயிருக்குது. அதுக்குள்ள மேடைப் பேச்சா?" என்றாள் நாச்சாத்தாள்.

"இது கேட்டு வளர்ந்த சேவல்."

"கேட்டுக் கேட்டுத்தான் இப்பிடி ஆயிருச்சோ என்னமோ. என்ற ஊட்டுக்காரரு உங்க பேச்சைக் கேக்கப் போயித்தானுங்க என்னையப் பொண்ணு பாக்க வரவே மறந்துட்டாரு."

"பிறகு வந்தாரில்லையா?"

"வந்தாரு, வந்தாரு. இப்ப உள்ள போயி ஒம்பது நாளாச்சு."

தினமும் ஆறு மணிக்கு டைம் ஆபீஸ் வெங்குடுசாமி வருவார். பஞ்சாரத்தின் அருகே குனிந்து காது கொடுத்துக் கேட்பார். நோட்டில் 'கூவவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவார். நல்ல மனிதர். அதற்காக அவரை நான் மதித்ததில்லை.

"இன்னைக்கும் இல்லீங்களா?"

"இல்லை."

"ரத்துப் படிவம் பையிலயே இருக்குதுங்க. உயிரோட இருக்கிற பார்ட்டி ரெண்டு பேரும், நீங்களும் சேவலும், போட்டாப் போதும். அவசரமில்லீங்க."

"உங்கள் பேரனிடம் சொல்லுங்கள். நாற்பத்தொரு நாள் வெளியில் உட்கார்ந்தவன் நான்."

"அவரு என்ற பேரன் இல்லீங்க, முதலாளிங்க."

"எனக்கு எல்லாம் ஒன்றுதான்."

கேட்டுக்கு வெளியே காலை ஷிப்டு ஆட்கள் டிபன் கேரியரோடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு காலத்தில் என்னைப் பார்த்தால் கோஷம் போடுவார்கள்.

படிவத்தில் நான் ஒரு நொடியில் கையெழுத்திட்டிருக்கலாம். மகள் வெளியே வந்திருப்பாள். ஆனால் ரத்தானால் எட்டாவது ஷரத்தும் போய்விடும். எட்டாவது ஷரத்து இல்லாமல் அந்தச் சேவல் ஒரு நிமிடம்கூட இருக்க முடியாது. வலிய கையெழுத்து வாங்கிச் சாகடிப்பதற்கா முப்பத்தொரு ஆண்டு கம்பு போட்டேன்? அதோடு, நான் வாழ்க்கையில் ஜெயித்தது அந்த ஒன்றைத்தான். இதை மறைப்பதற்கில்லை.

பதினோராம் நாள் கேட் வாட்ச்மேன் ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்தார். வாலண்டினாவின் கையெழுத்து.

'அப்பா, சேவலை அவசரப்படுத்த வேண்டாம். எங்களுக்குப் பழகிவிட்டது.'

என் துண்டறிக்கைகளில் முதலாளியைத் திட்டியதைவிட அந்தப் 'பழகிவிட்டது' என்ற சொல்லைத்தான் அதிகம் திட்டியிருக்கிறேன். சீட்டை நாலாக மடித்தேன். மறுபடி பிரித்துப் படித்தேன். அதுவேதான் இருந்தது.

மறுநாள் வெங்குடுசாமி குனிவதற்கு முன்பே படிவத்தைக் கேட்டேன். அவர் பேனாவைத் துடைத்துக் கொடுத்தார். கையெழுத்திட்டேன்.

பஞ்சாரத்தைத் தூக்கிச் சேவலை மடியில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது, எடையே இல்லை. உடன் கையெழுத்திட்டவருக்கு விவரம் சொல்வது முறை. சொன்னேன். உள்ளே முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இருப்பதையும், அவர்களுக்குப் பழகிவிட்டதையும் சொன்னேன். ரத்தானால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. மறுத்துவிடும் என்று எதிர்பார்த்தேன். மறுத்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

சேவல் தானாகவே வலது காலை நீட்டியது.

நாச்சாத்தாள் மைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். நீல மையில் மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே என்று தெளிவாகப் பதிந்தது. மை காயும்வரை சேவல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்ததும் பார்ப்பதை நிறுத்தியது.

"ரொம்பக் கண்ணியமா நடந்துக்கிட்டாருங்க" என்றார் வெங்குடுசாமி.

கொடி போர்த்த வேண்டும் என்றேன். அதற்குக் கமிட்டித் தீர்மானம் வேண்டும். கமிட்டி மொத்தமும் இரவு ஷிப்டில் இருந்தது. என் துண்டை எடுத்துப் போர்த்தினேன்.

மில் சங்கிலிருந்து முதலில் தூசி வந்தது. பிறகு ஒரு குருவிக்கூடு வந்து விழுந்தது. அதன்பின் ஓசை வந்தது. காலை ஷிப்டு உள்ளே போனது. நானும் நாச்சாத்தாளும் கேட்டருகே போய் நின்றோம்.

இரவு ஷிப்டு வரிசையாக வெளியே வந்தது. நாச்சாத்தாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கம்பு ஊன்றி வந்த ஒருவரிடம் நின்றாள். அவருக்குத் தோள் கொடுத்து, "மெதுவா, மெதுவா, படி இருக்குது" என்று கூட்டிப் போனாள்.

வாலண்டினா டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வந்தாள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்தில் போய்த் தட்டிவிட்டேன். உதிரவில்லை. இன்னொரு முறை தட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் கை என் கையைவிடச் சுருங்கியிருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் முப்பத்து நாலு வயதில் உள்ளே போனவள், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்லை அக்கா" என்று சொல்லி, அவள் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கிக்கொண்டேன்.