கறுப்பு வட்டில் இரண்டு நாரைகள்

மெல்லிய செம்புத் தகட்டைத் திரும்பவும் வாளில் கோக்கப் போன நேரத்தில்தான் அரசரத்தினத்துக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

முழங்கை நீளம்கூட இல்லாத யப்பான் வாள் அது. அலகுக்கும் பிடிக்கும் நடுவே, கை வழுக்கி அலகில் படாமல் காக்க, உள்ளங்கை அளவில் ஒரு வட்டு. அந்த வட்டு ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் இந்தத் தகடுகள். தகடு மூடியிருக்கிற இடத்தில் யாருடைய விரலும் படாது, வியர்வை படாது, தூசி போகாது. அந்த இடமும் கறுப்பாகத்தானே இருந்தது? மற்ற இடம் போலவே, ஒரே சீராக, பட்டுப் போன்ற கறுப்பு. அழுக்கு அப்படிப் படியுமா? படியாது. யாரோ ஒருவன் மாதக்கணக்கில் மினக்கெட்டு ஏற்றின கறுப்பு அது. யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் இருபத்திரண்டு வருஷம் பட்டறையில் குந்தியிருந்த மனுசனுக்கு இந்த யோசனை அரை மணித்தியாலம் முந்தி வந்திருக்கக் கூடாதா!

அகதியாக வந்து சேர்ந்த லுசேர்ண் நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுவதுதான் அவருக்கு வேலை. திங்கட்கிழமை லீவு. அன்றைக்கு ஹெர் பூஹர் என்ற கிழவரின் வீட்டில் யன்னல் துடைப்பார். மனைவி செத்துத் தனியாக இருந்த மனிதர் அவர். அரசரத்தினம் நகைத்தொழில் செய்தவர் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே கண்ணாடி அலுமாரியைத் திறந்து வாளை எடுத்தார். சின்னச் சுத்தியலால் தட்டி ஒரு மூங்கில் ஆணியைக் கழற்றினார். அந்த ஓர் ஆணியில்தான் முழு வாளும் நின்றது. அது போனதும் பிடி, வட்டு, தகடு, அலகின் அடியில் இறுக்கியிருந்த செம்பு வளையம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வெள்ளைத் துணியில் வரிசையாக வந்தன. பிடிக்குத் திருக்கைத் தோல் போர்த்து, அதன்மேல் பட்டு நாடாவைப் பின்னியிருந்தார்கள். திருக்கைத் தோல் என்று தடவிப் பார்த்ததுமே கண்டுபிடித்தார் அரசரத்தினம். கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆணி தேய்ந்து ஆடுகிறது, புதிதாக ஒன்று சீவித் தருவாயா என்று கைச் சைகையாலும் டொச் என்ற ஜேர்மன் பாஷையாலும் கேட்டார். அதோடு, அகதி விண்ணப்பத்துக்காக பேர்ணில் இருக்கிற அரசாங்கக் கந்தோருக்கு அனுப்ப ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். நாற்பத்தைந்து வயதில், நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் நித்திரை கெட்டுக் கிடந்தவருக்கு அந்தக் கடிதம் உயிர்.

இன்றைக்குக் கிழவர் டொக்டரிடம் போயிருந்தார். வாளைக் கழற்றித் துணியில் பரப்பி வைத்து, அலகில் விரல் படக் கூடாது, மூச்சுக்கூடப் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அலகை அரசரத்தினம் தொடவேயில்லை. ஆணியையும் மயிரிழை பிசகாமல் சீவி முடித்தார். அதோடு எழும்பியிருக்கலாம். ஆனால் வட்டின் விளிம்பைப் போன கிழமையே நகத்தால் கீறிப் பார்த்திருந்தாரே! உள்ளே செம்பு, அந்தச் செம்புக்குள் கொஞ்சம் பொன் கலந்திருக்கிறது என்று கண் சொல்லிவிட்டது. பொன் கலந்த பண்டம் கறுத்துக் கிடந்தால் ஒரு நகைப் பத்தருக்குப் பொறுக்குமோ? பழப்புளியும் உப்பும் காற்சட்டைப் பையில் பொட்டலமாக வந்திருந்தன. கிழவர் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று அவருக்கு ஆசை. தேய்த்தார், கழுவினார், திரும்பத் தேய்த்தார். வட்டு மணவறைக் குத்துவிளக்குப் போலப் பளபளத்தது.

அந்தக் கறுப்பில் பொற்கம்பி பதித்து இரண்டு நாரைகள் செய்திருந்தார்கள். இருட்டில் பறக்கிற நாரைகள். இப்போது பின்னாலும் மினுக்கம், முன்னாலும் மினுக்கம். நாரைகளைக் காணவில்லை.

மழைக்கோட்டோடு கிழவர் உள்ளே வந்தார். வட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். பெருவிரல் வட்டின்மேல் மெல்ல மெல்ல ஊர்ந்தது. பறவைகளைத்தான் தேடுகிறார் என்று அரசரத்தினத்துக்குத் தெரிந்தது.

"ஷேன்," என்றார் கிழவர். அழகாயிருக்கிறதாம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரமும் சொன்னார். பிறகு புது ஆணியைப் பொருத்தி, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று மெய்யாகவே மெச்சித் தலையை ஆட்டினார். கோப்பி ஊற்றும்போதும் அவருடைய கண் வட்டின்மேலேயே இருந்தது, கோப்பி கோப்பைக்குக் கீழிருந்த பீரிசில் சிந்தியது. பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல அரசரத்தினத்துக்குத் தெரிந்த டொச்சே போதும். கடிதம் இன்னும் எழுதப்படவில்லை என்ற நினைப்புத்தான் வாயைப் பொத்தியது. அந்த நினைப்பு வந்ததே பெரிய வெட்கமாக இருந்தது. கோப்பியைச் சூட்டோடு விழுங்கிவிட்டு வெளிக்கிட்டார்.

அரசரத்தினத்தோடு ஒரே அறையில் இருந்த பாலேந்திரனுக்கு டொச் நன்றாக வரும். கறுப்பைக் கெடுத்தது நான்தான், எனக்கு அது அழுக்கில்லை என்று தெரியாமல் போயிற்று என்று எப்படிச் சொல்வது என்று அவனிடம் கேட்டார். அவன் எழுதிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "அண்ணை, முதல் கடிதத்தை வாங்குங்கோ. பிறகு சொல்லுங்கோ," என்றான்.

"வாங்கினாப் பிறகு சொல்லுறது மன்னிப்போ, தம்பி?"

அந்தக் கிழமை முழுக்கக் கோப்பை கழுவிக்கொண்டே அரசரத்தினம் அந்த வசனத்தைப் பாடமாக்கினார்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததுமே கிழவர் கடிதத்தை நீட்டினார். தட்டச்சில் அடித்து, கீழே கையெழுத்து. ஒரு வரியை விரலால் தொட்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கைகள் என்ற சொல்லும் நம்பிக்கை என்ற சொல்லும் அரசரத்தினத்துக்கு விளங்கின. இந்த மனிதரின் கைகளை நம்பி எதையும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது.

"ஹெர் பூஹர்," என்று தொடங்கினார். "அந்தக் கறுப்பு..."

கிழவர் அவரைப் பார்த்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவு நல்லது! "தெரியும்," என்றார் மெதுவாக. "ஆணி மிக நல்லது." அவ்வளவுதான்.

அரசரத்தினம் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "டங்கே," என்று நன்றி சொன்னார். பாடமாக்கின வசனத்துக்குப் பதிலாக அந்த ஒரு சொல்தான் வந்தது. ஒளித்து வைத்துவிடுவார் என்று நினைத்த வாள் அலுமாரியில் வழக்கமான இடத்திலேயே இருந்தது. வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். துடைக்கத் துடைக்க உள்ளே வட்டு இன்னும் பளிச்சென்றது. தலையைச் சரித்துப் பார்த்தார். ஒரு நாரையின் சிறகு நுனி மட்டும் தெரிந்தது. மற்ற நாரையைத் தேடி இன்னும் குனிந்தபோது, பைக்குள் இருந்த கடிதத்தின் மூலை நெஞ்சில் குத்தியது.