மாமன் வாசித்த டி மேஜர்

தேவஆசீர்வாதம் கெட்டவர் இல்லை, கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதான் என்று கோவில்பட்டியில் எங்கள் சபையார் சொல்வார்கள். சபையார் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்? அவர் கெட்டவர்தான். டிரம்பெட் நன்றாக வாசிப்பார், அது வேறு விஷயம்.

எங்கள் கோயிலுக்குள் மணப்பெண் நுழையும்போது அவர் ஒரு சின்ன மெட்டு வாசிப்பார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ அரண்மனைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தது. டி மேஜர் என்கிற உயர்ந்த சுருதி, துள்ளல் வேகம், இரண்டு நிமிஷம்கூட வராது. அந்த வேகத்தில் கேட்டால் சித்திரை வெயிலில் பித்தளைக் குடத்தைப் பார்ப்பது மாதிரி கண் கூசும். வேகத்தைக் குறைத்தால் அதே மெட்டை அடக்க ஆராதனைக்கு வாசிக்கலாம்.

பெண் பீடத்தை எட்டும்வரை எக்காளம் நிற்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். மெட்டு முடிந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். எக்காளம் பாதியில் நின்றால் அந்தக் குடும்பமும் பாதியில் நிற்குமாம். வேதாகமத்தில் எந்த அதிகாரத்திலும் இது கிடையாது. ஆனாலும் போதகர் உட்பட எல்லோரும் நம்புகிறார்கள்.

தேவஆசீர்வாதத்தின் அக்கா மகன் பிரின்ஸ்டன் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்க்கிறான். தன் மகள் ஜீனாவை அவனுக்குத்தான் கொடுப்பது என்று அவர் அவள் பிறந்தபோதே முடிவு கட்டியிருந்தார். ஜீனாவுக்கு அந்த எண்ணமே இல்லை. பிரின்ஸ்டனும் தன்னோடு வேலை பார்க்கும் சபிதாவைத்தான் கட்டுவேன் என்றான். சபிதாவுக்கு இடது கால் குட்டை. சின்ன வயதில் விளாத்திகுளம் ரோட்டில் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் வந்தது. நொண்டியா என் மருமகனுக்கு என்று அவர் வீட்டுக்குள் கத்தினார். வெளியே சிரித்தார். தாய்மாமன் நான் இருக்க வேறெவன் வாசிப்பான் என்று தானே வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயிலில் ஒத்திகை. சபிதா மெதுவாக நடந்தால் காலில் குறை தெரியாது. வேகம் கூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். நாளைக்கு எத்தனை செல்போன் படம் பிடிக்கும், அதை யார் யாருக்கு அனுப்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். முறைப்படி அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டு, கையைப் பிசைந்துகொண்டு கேட்டாள்.

"பெரியப்பா, கொஞ்சம் மெதுவா வாசிங்க. என் காலு உங்களுக்குத் தெரியும்லா."

அதற்கென்னம்மா என்றார். கீபோர்டில் இருந்த ஜீனாவைச் சுருதியைச் சி மேஜருக்கு இறக்கச் சொல்லி, தானும் இறங்கி, மெதுவாக, பதமாக வாசித்தார். சபிதா அழகாக நடந்தாள். எக்காளம் பாதியில் நிற்கக் கூடாத சங்கதியையும், இத்தனை வருஷத்தில் தான் ஒருதடவைகூட நிறுத்தியதில்லை என்பதையும் அவரே பெருமையாகச் சொன்னார். அவள் கண் கலங்கி நன்றி சொன்னாள்.

மறுநாள் சபிதா அப்பா டேவிட்சனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தேவஆசீர்வாதம் மகளிடம் குனிந்து, டி-க்கு ஏத்து, நான் சொல்லாமல் எதையும் தொடாதே என்றார். டிரம்பெட்டைத் தூக்கினார். சுத்தமான டி மேஜர், பழைய துள்ளல். கல்யாணக் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

சபிதா நாலு எட்டு வைத்தாள். உடம்பு சாய்ந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், செல்போன்கள் உயர்ந்தன. அவள் நிமிர்ந்து தேவஆசீர்வாதத்தைப் பார்த்தாள். ஊதிக்கொண்டே அவர் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபிதா நின்றுவிட்டாள். டேவிட்சன் பதறிப்போய், கால் வலிக்கா என்று கேட்டார்.

"இல்லப்பா. பாட்டு நல்லாருக்கு. கேட்டுட்டுப் போவோம்."

மெட்டு முடிந்தது. பெண் வரவில்லை. அவர் முதலிலிருந்து தொடங்கினார். அதுவும் முடிந்தது. சபிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பூச்செண்டை மோந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் தொடங்கினார். டி மேஜரில் அந்த மேல் ஸ்வரங்களை ஒருமுறை பிடிப்பதே அறுபது தாண்டிய உதட்டுக்குப் பெரிய காரியம். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு ஸ்வரம் உடைந்து பீப்பியாய்ப் பிளிறியது. இப்போது சிரிப்பு வெளிப்படையாகவே கேட்டது. மறுபடி தொடங்கும் இடத்தில் ஜீனா ஒரு பொத்தானை அமுக்கிச் சி-க்கு இறக்கியிருக்கலாம். தொடாதே என்று அப்பா சொல்லியிருந்தார், அவள் தொடவில்லை.

நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் சொந்த அக்கா மகனின் வாழ்க்கையைத் தானே பாதியில் வெட்டினான் என்று ஊர் பேசும். மூச்சு வாங்க வாங்க மெட்டு தானாகவே தளர்ந்தது. துள்ளல் போனது, பளபளப்பு போனது. சாவு வீட்டில் கேட்கிற மாதிரி அது இழுத்து இழுத்து வந்தபோது சபிதா காலை எடுத்து வைத்தாள். ஒத்திகையில் நடந்த அதே நடை. குறை துளிகூடத் தெரியவில்லை. அவள் பீடத்தை எட்டியதும் அவர் டிரம்பெட்டை இறக்கினார். ஊதுவாயில் ரத்தம் இருந்தது. எனக்குப் பாவமாக இல்லை, சந்தோஷமாகவே இருந்தது.

தாலி ஏறியது. ஆசீர்வாதம் வாங்க இருவரும் அவரிடம் வந்தார்கள். அவர் கைக்குட்டையை வாயில் பொத்தியபடி பெஞ்சில் சரிந்திருந்தார்.

"மெதுவா வாசிச்சிருந்தா ஒரு தடவையோட முடிஞ்சிருக்கும், பெரியப்பா," என்றாள் சபிதா.

பிரின்ஸ்டன் அவள் கையை விட்டுவிட்டு மாமாவைத் தாங்கிப் பிடித்தான். புருஷனாக அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"வயசான மனுசனை இப்படியாடி பண்ணுவ? வேகமா வாசிக்கப் போறேன்னு மாமா நேத்தே என்கிட்ட சொன்னாவ. சும்மா தமாசுக்குத்தான்."

சபிதா அவனையே பார்த்தாள். புதுத் தாலி கழுத்தில் இன்னும் ஒழுங்காகப் படியவில்லை.

"நேத்தேவா?" என்று கேட்டாள்.

அவன் மாமாவுக்குத் தண்ணீர் கேட்டான். திரும்பி வெளியே நடக்க வேண்டிய நேரம் வந்தது. சபிதா அவன் கையைப் பிடிக்காமல், எல்லாச் செல்போன்களுக்கும் முன்னால், வேகமாக நொண்டி நொண்டி நடந்தாள். அவன் பின்னால் ஓடினான்.